பாணமைக் கரையில் இரவு ஆமை பார்க்கும் பயணம்: யாரோடு போகலாம், யாரை விடலாம்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் தொடங்கியதும் விடுதி வாசல்களில் பலகைகள் முளைத்துவிடும். களப்புச் சவாரி, குமண சபாரி, யானை பார்த்தல். அந்த வரிசையில் இரவு ஆமை பார்த்தலும் உண்டு. இங்கே அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். விற்பவர் விடுதிக்காரராக இருக்கலாம், ஓட்டோக்காரராகவோ ஜீப்காரராகவோ இருக்கலாம். கிடைக்கும் சேவை ஏறக்குறைய ஒன்றுதான். பின்னேரம் ஏற்றிக்கொண்டு தெற்கே பாணமைப் பக்கம் போவார்கள். இருட்டியதும் ஆளில்லாத கரையில் நடக்க வைப்பார்கள். முட்டையிட ஆமை ஏறினால் காட்டுவார்கள். நடுச்சாமம் அளவில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

இந்தப் பயணத்தின் தரம் முழுக்க முழுக்க வழிகாட்டியின் கையில் இருக்கிறது. நல்லவர் கிடைத்தால் கிழக்குக் கரையில் இதற்கு ஈடான இரவு வேறில்லை. கெட்டவர் கிடைத்தால் ஆமைக்கும் கேடு, உங்களுக்கும் வெறும் அலைச்சல். வழிகாட்டி காட்டும் ஐந்து நிமிட அவசரமோ ஒரு வெள்ளை வெளிச்சமோ போதும், ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அதனால் “கட்டாயம் காட்டுவேன், இல்லாவிட்டால் காசு வாபஸ்” என்பவரை விட்டுவிடுங்கள். காசைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதபோது அவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்: அப்போதுதான் கரையேறிய ஆமையைக் கூட்டத்தோடு சுற்றி வளைப்பார். “வந்தால் பார்ப்போம், வராவிட்டால் திரும்புவோம்” என்று சொல்பவரோடு தாராளமாகப் போகலாம்.

எதிர்பார்ப்பையும் சரியான அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகில் கடலாமை ஏழு இனம். இலங்கைக் கரைகளில் ஐந்து இனம் முட்டையிடுகின்றன. பேராமை எனப்படும் பச்சை ஆமையும் ஒலிவ் நிறச் சிற்றாமையும்தான் அதிகம் ஏறுபவை. பெருந்தலை ஆமை, அழுங்காமை, தோணியாமை ஆகியவை அரிது. தெற்கே ரெக்கவையில் முன்பு முட்டை எடுத்தவர்களையே 1990களில் கூடுகளுக்குக் காவலாக்கி, பிறகு 2006இல் அந்தக் கரையைக் கடலாமைச் சரணாலயமாகவும் அறிவித்தார்கள். ஆமை நிச்சயமாகப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர் அங்கே போகலாம். நமது கரையில் அந்த அடர்த்தி இல்லை. இங்கே கிடைப்பது வேறு: விளக்கில்லாத நீண்ட கரை, குறைந்த கூட்டம், மணலில் நரி, காட்டுப்பன்றி, சில இடங்களில் யானை என எல்லாவற்றின் தடமும். ஆமை வராத இரவிலும் தடம் வாசிக்கத் தெரிந்த வழிகாட்டியோடு நடந்தால் நேரம் வீணாகாது.

காலம் பற்றிச் சுருக்கமாக. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை கடல் கரையை அரித்துச் செங்குத்தாக வெட்டிவிடும்; அந்தப் படியில் ஆமையால் ஏற முடியாது, முன்பு இட்ட கூடுகளும் கரைந்து போகும். ஏப்ரலில் கடல் அடங்கி மணல் திரும்ப விரியும்போதுதான் போகவேண்டும். ஓகஸ்ட், செப்டெம்பரில் இன்னொரு சிக்கல் வரும். மாதக்கணக்கில் மழையில்லாமல் மேல்மணல் பொடியாக உலர்ந்துவிடுவதால், ஆமை தோண்டத் தோண்டக் குழி சரியும். இரண்டு மூன்று இடம் மாறித் தோண்டிப் பார்த்துவிட்டு முட்டையிடாமலே இறங்கிவிடும். அந்த மாதங்களில் போனால் இதையும் காணலாம். அதை வழிகாட்டியின் பிழையாக எண்ணக் கூடாது. நிலவு பற்றி விற்பவர்கள் சொல்லும் கதைகளைப் பெரிதாக எடுக்க வேண்டாம், எந்தப் பிறையிலும் ஆமை ஏறும். நிலவுள்ள இரவில் டோர்ச் இல்லாமலே தடம் தெரியும் என்பதே ஒரே வசதி. வற்றுப்பெருக்கும் நமது கரையில் ஒரு மீற்றருக்குக் குறைவுதான், அதைப் பார்த்துத் திட்டமிடத் தேவையில்லை.

அடுத்தது இடம். அறுகம்பைக் குடாவின் பிரதான கரைக்கு ஆமை பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்: உணவகங்களின் வெளிச்சம் கரையின் நீளத்துக்கும் விழுகிறது. மட்டக்களப்பில் தங்குபவர்களிடம் பாசிக்குடாவையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு. அது பகலில் குளிக்கப் பொருத்தமான ஆழமில்லாத குடா, ஹோட்டல் வரிசை உள்ள இடம். இந்தப் பயணத்துக்கு உகந்ததல்ல. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு ஏ4 வீதியில் 100 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. ஒரே நாளில் போய் நடுச்சாமத்தில் திரும்பி ஓட்டுவது ஆபத்து, பொத்துவிலிலோ அறுகம்பையிலோ தங்குங்கள்.

பொருத்தமானது பாணமை ஊரைத் தாண்டிய கரையும், அங்கிருந்து தெற்கே உகந்தை முருகன் கோயில் வரையிலான கரையும்தான். உகந்தைக்கு அப்பால் குமண தேசிய பூங்கா தொடங்குகிறது. பூங்கா பகலில் மட்டுமே திறந்திருக்கும். இரவில் பூங்காவுக்குள் கூட்டிப்போவதாக யார் சொன்னாலும் அது சட்டவிரோதம், சிக்கினால் நீங்களும் சேர்ந்துதான் சிக்குவீர்கள். பாணமை – உகந்தை வீதியில் இருட்டிய பின் யானை குறுக்கே நிற்பது வழக்கமான காரியம். ஓட்டோவில் அந்த வீதிக்குப் போகவே வேண்டாம். ஜீப்பென்றாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்பும்போது யானை நின்றால் எஞ்சினை நிறுத்தாமல் தூரத்தில் காத்திருக்கும் சாரதிதான் நல்ல சாரதி. ஹோர்ன் அடிப்பவரோடு இரண்டாம் முறை போகாதீர்கள்.

இனிக் கரையில் நடக்க வேண்டியது. ஒழுங்காகச் செய்பவர் உங்களை ஈரமணலில், அலை வந்து நனைக்கும் ஓரமாகவே நடத்துவார். ஆமை எங்கே ஏறியிருந்தாலும் அதன் தடம் உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் ஆகும். மேலே உலர்மணலில் நடந்தால் கூடுகளை மிதிப்பீர்கள், ஏறிக்கொண்டிருக்கும் ஆமைக்கும் உங்கள் உருவம் தெரிந்துவிடும். ஒரு தடம் கண்டதும் வழிகாட்டி எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். ஏறிய தடம் மட்டும் இருந்தால் ஆமை இன்னும் மேலே இருக்கிறது. ஏறியதும் இறங்கியதுமாக இரண்டு இருந்தால் வேலை முடிந்து போய்விட்டது. இரண்டு தடமும் ஒன்றையொன்று வெட்டுமிடத்தில் மேலே படிந்திருப்பதுதான் இறங்கிய தடம்.

இனமும் தடத்திலேயே தெரியும். பேராமை இரண்டு முன்துடுப்பையும் ஒன்றாக ஊன்றி உந்திப் போகும். இடமும் வலமும் ஒரே வரிசையில் நேருக்கு நேர் குறிகள், நடுவில் வால் இழுத்த கோடு, அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றர் அல்லது அதற்கு மேல். சிற்றாமை கைகளை மாற்றி மாற்றி வைத்துப் போகும். குறிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும், அகலமும் குறைவு, மணலில் அழுத்தமும் குறைவு. இதைக் கேட்டுப் பாருங்கள். விளக்கத் தெரியாதவர் கரையோரக்காரர் அல்ல, வெறும் வண்டிக்காரர்.

ஆமை மேலே இருக்கிறது என்று தெரிந்தபின் காத்திருப்புத் தொடங்கும். இந்தச் சேவையில் காசு கொடுப்பது உண்மையில் இந்தக் காத்திருப்புக்குத்தான். பேராமை இடம் தேடி ஏறவே கால் மணித்தியாலம் எடுக்கும். பிறகு முன்துடுப்பால் மணலை வீசி வீசி உடல் இறங்கும் அளவுக்கு ஒரு பெரிய பள்ளம் பறிக்கும். அதற்குள் படுத்துக்கொண்டு பின்துடுப்பைக் குழித்து, ஒன்று மாறி ஒன்றாக மணலை அள்ளி வெளியே வைத்து, குடம் போன்ற முட்டைக்குழியைத் தோண்டும். குழியின் அடி மணல்மட்டத்திலிருந்து முக்கால் மீற்றர் அளவுக்குப் போகும். இதெல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் ஆகலாம். முதல் முட்டை விழும்வரை ஆமை எந்த நொடியிலும் எழுந்து போய்விடக்கூடிய நிலையில்தான் இருக்கும். மணலில் காலடி அதிர்வு, பேச்சுக்குரல், நிழலாட்டம், வெளிச்சம் எல்லாம் அதற்குத் தெரியும். கூட்டம் குறைந்தது 15 மீற்றர் பின்னால் குந்தியிருக்க, வழிகாட்டி மட்டும் பின்பக்கமாகத் தவழ்ந்து போய்ப் பார்த்து வருவதே சரியான முறை.

முட்டை விழத் தொடங்கியதும் ஆமை மாறிவிடும். இரண்டு மூன்றாக, வழுவழுப்பான திரவத்தோடு முட்டைகள் விழும். பேராமை ஒரு தடவையில் நூற்றுக்கு மேல் இடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இடைவெளியில்தான் ஆட்களை இருவர் இருவராக அழைத்துப்போய், ஆமையின் பின்னால் தாழ்ந்து உட்கார வைத்து, சிவப்பு வெளிச்சத்தைக் குழிக்குள் மட்டும் பிடித்துக் காட்டவேண்டும். முன்துடுப்புக்கு முன்னால் ஒருவரும் போகக்கூடாது. தொடக்கூடாது. கண்ணிலிருந்து நீர் வழியும். நோவில் அழுகிறது என்று சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. கடல்நீரோடு உடலில் சேரும் மேலதிக உப்பைக் கண்ணருகில் உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். கடலுக்குள் இருக்கும்போதும் அது வழிந்துகொண்டுதான் இருக்கும்.

முட்டை இட்டு முடித்ததும் மறுபடி எல்லோரும் பின்வாங்க வேண்டும். பலர் பிழைவிடும் இடம் இது. வேலை முடிந்தது என்று நினைத்துச் சூழ்ந்துகொள்கிறார்கள். உண்மையில் மூடும் வேலைதான் கூட்டைக் காப்பது. பின்துடுப்பால் மணலை இழுத்து அமுக்கி, பின் முன்துடுப்பால் நாலா பக்கமும் மணல் வீசி, முட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி கலைத்துவிட்டுத்தான் பேராமை இறங்கும். இதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். சிற்றாமை உடலை இடமும் வலமும் ஆட்டி மணலைத் தட்டி இறுக்கும், தட்டும் ஓசை அமைதியான இரவில் நன்றாகக் கேட்கும். இடையில் குழப்பினால் அரைகுறையாக மூடிவிட்டு ஓடும். காலையில் நாயும் காட்டுப்பன்றியும் அந்தக் கூட்டைத்தான் முதலில் தோண்டும். ஆகவே “ஒன்பதரைக்குத் திரும்பிவிடுவோம்” என்று நேரம் கட்டிய பொதி எதுவும் சரிவராது. பேராமையென்றால் ஏறியதிலிருந்து இறங்கும்வரை இரண்டு மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள், சிற்றாமையென்றால் ஒரு மணித்தியாலம்.

வெளிச்சம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கெடுவது பெரும்பாலும் இதில்தான். ஆமைக்கு நீலமும் வெள்ளையும் கூர்மையாகத் தெரியும், நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு மிகக் குறைவாகவே உறுத்தும். பெரும்பாலான விற்பனையாளர்கள் சிவப்பு டோர்ச் தருவதாகச் சொல்வார்கள். கையில் தருவது வெள்ளை டோர்ச்சில் ஒரு சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியதாக இருக்கும். வண்டியில் ஏறும்போதே வெள்ளைக் காகிதத்தில் அடித்துப் பாருங்கள்: விளிம்பில் வெள்ளையோ இளஞ்சிவப்போ கசிந்தால் தாள் போதாது. மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி, பக்கவாட்டையும் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடினால் சமாளிக்கலாம். சொந்தமாக வாங்குவதென்றால் சிவப்பு எல்.ஈ.டி. தனியாக உள்ள தலைவிளக்கு வாங்குங்கள், பத்து இருபது லூமன் தாராளம். ஒன்றைக் கடையிலேயே சோதியுங்கள்: முதல் அழுத்தத்தில் சிவப்பு வருகிறதா, வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போகமுடியுமா? மலிவானவற்றில் பல இரண்டாம் வகை. அந்த ஒரு நொடி வெள்ளை, ஆமையின் முகத்தில் அடித்தால் எல்லாம் முடிந்தது. அப்படியான விளக்கைத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால் உள்ளங்கையால் மூடிக்கொண்டு போட்டு, சிவப்பு வந்தபின் கையை எடுங்கள்.

போனை வண்டியிலேயே வைத்துவிடுவது நல்லது. கொண்டுபோனால் விமானப்பயண நிலையில் போட்டு, ஒளி ஆகக் குறைத்து, பிளாஷை நிறுத்தி வையுங்கள். கை உயர்த்தினால் தானாக ஒளிரும் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கமராவில் குவியம் பிடிக்க உதவும் சிறு விளக்கு ஒன்று தானாக எரியும், அதையும் நிறுத்தவேண்டும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்க அனுமதிக்கும் வழிகாட்டிக்கு நாங்கள் ஐந்துக்கு ஒரு புள்ளியும் கொடுக்கமாட்டோம், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

உடை இருண்ட நிறமாக இருக்கட்டும். பாணமைப் பக்கத்துக் களப்பு முகங்களில் முதலை உண்டு. முகத்துவாரத்தை இரவில் நடந்து கடக்கச் சொல்பவரை மறுத்துவிடுங்கள். கரை சட்டென்று ஆழமாகும், இழுவையும் பலம். இருட்டில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர், நுளம்புக்குப் பூசும் களிம்பு, மணலில் விரிக்க ஒரு சாரம். மலசலகூடம் ஊரோடு முடிந்துவிடும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பேசாமல் அசையாமல் இரண்டு மணித்தியாலம் இருட்டில் இருக்கச் சொல்வது பிள்ளைக்கும் கொடுமை.

கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள்: வண்டிக்கு எவ்வளவு, கரையில் நடத்துபவருக்கு எவ்வளவு. விடுதி எடுத்துக்கொண்ட மிச்சத்தில் ஊர்க்காரருக்குச் சில்லறை மட்டும் போகும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அப்படியானால் நேரே பாணமைக்குப் போய், கரைவலை வாடிகளில் (மீனவர் குடில்களில்) கேட்டு ஆள் பிடிப்பது மேல். எந்தத் துண்டில் எப்போது ஆமை ஏறுகிறது என்று வாடிக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் கேள்வி கேளுங்கள். இரண்டு ஜீப் ஒரே ஆமையிடம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். பிந்தி வந்த கூட்டம் தள்ளி உட்காரும் என்பதே ஏற்கக்கூடிய பதில். வண்டியைக் கரைமணலில் இறக்குபவரை அங்கேயே நிறுத்துங்கள். சில்லு கூட்டை அமுக்கும், சில்லுத்தடத்தில் விழுந்த குஞ்சு ஏறமுடியாமல் அதன் வழியே ஓடி விடியும்வரை அலையும். ஆமை வராத இரவுக்கும் பேசிய காசை முழுதாகக் கொடுக்க வேண்டும். பாதி கொடுத்தால் அடுத்த கூட்டத்தோடு போகும்போது அவர் அவசரப்படத்தான் செய்வார்.

சிலர் இந்தப் பயணத்தோடு குஞ்சு விடுதலையையும் சேர்த்து விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். கூட்டிலிருந்து வெளியேறும் குஞ்சுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஓயாமல் நீந்தும் வேகம் இருக்கும், வயிற்றில் மிஞ்சிய மஞ்சட்கருதான் அதற்கு எரிபொருள். தொட்டியில் நாட்கணக்கில் வைத்தால் அந்தச் சக்தி தொட்டிச் சுவரில் முட்டியே தீர்ந்துவிடும். பின் ஆட்கள் படம் எடுக்க வசதியாக வெயிலில் விட்டால் காகமும் மீனும் காத்திருக்கும். முட்டையை இடம் மாற்றுவதும் எல்லோரும் செய்யக்கூடிய வேலையல்ல. இட்ட சில மணித்தியாலங்களில் கரு ஓட்டின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது, அதன்பின் புரட்டினால் செத்துவிடும். முட்டை இருந்த இடத்திலேயே இருக்கக் காவல் காப்பதுதான் நல்லது. கூட்டின் சூடு ஏறத்தாழ 29 பாகை செல்சியஸுக்கு மேலே ஏறினால் பெண்குஞ்சும் கீழே இறங்கினால் ஆண்குஞ்சும் கூடுவதால், நிழலோ தகரக் கூரையோ போட்டு அடைத்த இடத்தில் பொரிப்பது அந்தக் கணக்கையும் குழப்பும்.

கூடு இட்டு ஏறத்தாழ 50 – 60 நாளில் குஞ்சுகள் இரவில், மேல்மணல் குளிர்ந்தபின், ஒன்றாகக் கிளம்பும். கடல் எது என்று அவை அறிவது தாழ்ந்து தெரியும் வெளிச்சத்தைக் கொண்டு. பின்னால் மரநிழல் இருட்டு, முன்னால் கடல்வானின் ஒளி. ஆடிவேல் திருவிழா நாட்களில் உகந்தைக் கரையில் தங்கும் அடியார்கள் இதை மனதில் வைக்கலாம்: விளக்கையும் அடுப்பையும் கடலுக்கு எதிர்ப்பக்கம், பற்றைக்கு உள்ளே வையுங்கள், மணலில் தோண்டிய குழிகளை மூடிவிட்டுப் படுங்கள். விளக்கை நோக்கி வந்த குஞ்சுகளைக் கண்டால் முதலில் விளக்கை அணையுங்கள். கடலைத் தாமே கண்டுபிடித்துவிடும். பற்றைக்குள் சிக்கியதை மட்டும் எடுத்து ஈரமணலில் வைத்து, அதுவாக ஓட விடுங்கள், தண்ணீருக்குள் எறியாதீர்கள்.

கடலாமையையோ முட்டையையோ எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். கூடு தோண்டப்படுவதைக் கண்டாலோ, வழிகாட்டியே உங்களுக்கு முட்டை எடுத்துத் தந்தாலோ வாக்குவாதத்துக்குப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். இடத்தைச் சரியாகச் சொல்ல, கோயில், முகத்துவாரம், வாடி என்று அருகில் உள்ள ஏதாவது ஒரு குறியையும் அதிலிருந்து வடக்கா தெற்கா எத்தனை மீற்றர் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உகந்தைப் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, பாணமை ஊருக்குள் வந்துதான் அழைக்க வேண்டியிருக்கும்.